லேபில் முதல் இரண்டு வருடம்: பேப்பருக்கு முன்னால் சம்பாதிக்க வேண்டியது

பிஎச்டி சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பேப்பர் எப்போது வரும், எந்த ஜர்னலில் வரும், போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) எங்கே போவது என்று கவலை ஆரம்பித்துவிடுகிறது. பெங்களூரு வடக்கில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் செல் பயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். மதுரையில் எம்.எஸ்ஸி முடித்து இங்கே வந்து பிஎச்டி செய்தவள், இப்போது புதிதாக வரும் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) பிள்ளைகளுக்கு பெஞ்ச் வேலை சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. அவர்களில் ஓரிருவராவது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் சம்பாதிக்க வேண்டியது நம்பிக்கை. "இது வந்துவிட்டது" என்று நீங்கள் சொன்னால், லேபில் இன்னொருவர் அதை எடுத்து அப்படியே தன் வேலையைத் தொடங்கலாம் என்கிற நிலை. அது இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். அது இல்லாமல் வந்த பேப்பர் கடைசிவரை பயத்தையும் கூடவே கொண்டு வரும்.

அந்த நம்பிக்கை எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன், முதல் வருடம். வெஸ்டர்ன் பிளாட் போட்டிருந்தான்: சாம்பிளில் உள்ள புரோட்டீன்களை லேன் என்கிற தடங்களில் ஓடவிட்டு எடை வாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றி, வேண்டிய புரோட்டீனை ஆன்டிபாடியால் பேண்ட் என்ற கோடாகத் தெரியவைக்கும் சோதனை அது. ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, பேண்ட் வந்துருச்சு! மருந்து போட்ட லேன்ல புரோட்டீன் குறைஞ்சிருக்கு பாருங்க." போனில் இருந்தது நீளவாக்கில் வெட்டிய மூன்று பேண்ட். குறைந்துதான் இருந்தது. "சூப்பர்டா தம்பி, முழு பிளாட்டக் காட்டு" என்றேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். கீழே, எல்லா லேனிலும் ஒரே அளவு இருக்க வேண்டிய ஆக்டின் என்ற புரோட்டீனின் பேண்டும் அதே மூன்றாவது லேனில் மங்கலாக இருந்தது. அதாவது அந்த லேனில் மொத்தமாகவே சாம்பிள் குறைவாகப் போயிருக்கிறது, மருந்து அந்தப் புரோட்டீனைக் குறைத்ததா என்பதை இந்தப் படம் சொல்லவே இல்லை. மறுநாள் இருவருமாக உட்கார்ந்து புரோட்டீன் அளவை மறுபடி எடுத்து, எல்லா லேனிலும் சமமாகப் போட்டு ஓட்டினோம். வித்தியாசம் இருந்தது, ஆனால் முதல் படத்தில் தெரிந்ததில் பாதிதான். அந்தப் பாதி உண்மை. அதை வைத்துத்தான் அவன் புராஜெக்ட் இன்றைக்கும் நடக்கிறது.

இதில் அவன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை, எதிர்பார்த்த பேண்ட் வந்தால் யாருக்கும் சந்தோஷம்தான் முதலில் வரும். ஆனால் சந்தோஷமான முடிவு வந்த அன்றைக்குத்தான் அதை உடைத்துப் பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டும். எடை தெரிந்த புரோட்டீன்களின் வரிசையான லேடரோடு ஒப்பிட்டால் பேண்ட் சரியான எடையில் இருக்கிறதா? முதல் ஆன்டிபாடி இல்லாமல், அதைக் காட்டிக்கொடுக்கும் செகண்டரி ஆன்டிபாடி மட்டும் போட்டாலும் இதே இடத்தில் ஏதாவது தெரிகிறதா? அந்த ஜீனையே நீக்கிய செல்லின் சாம்பிள் கிடைத்தால் அதில் இந்தப் பேண்ட் மறைகிறதா? ஆன்டிபாடியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் முடிவும் மாறுகிறதா? இதையெல்லாம் நீங்களே கேட்காவிட்டால் லேப் மீட்டிங்கில் ஒருவர் கேட்பார், அங்கே தப்பித்தாலும் பேப்பரைப் பரிசீலிக்கும் ரெவ்யூவர் கேட்பார்.

முழு பிளாட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்து 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் தவறாக மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்தது. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறி தெரிந்தது என்றார்கள். மிச்சத்தில் எத்தனையோ வெறும் ஃபைல் குழப்பமாக இருக்கலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ என்று பெயர் வைத்தால் மூன்று வருடம் கழித்து ஃபிகர் செய்யும்போது எந்தப் படம் எந்த நாளுடையது என்று உங்களுக்கே தெரியாது. வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயரை ஆரம்பியுங்கள். 2024-03-11, பிறகு பரிசோதனையின் பெயர், பிறகு மெம்பரேன் எண். கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்திக் கொடுக்கும். மெஷினிலிருந்து வந்த மூலப் படத்தைத் தொடவே தொடாதீர்கள், வெட்டுவது, ஒளி கூட்டுவது எல்லாம் காப்பியில்.

நோட்புக்குக்கு வருகிறேன். வேலை முடித்து ரூமுக்குப் போய் ராத்திரி ஞாபகத்திலிருந்து எழுதுவது நோட்புக் ஆகாது. பெஞ்சில், அந்த நிமிடத்தில், பேனாவால். புரோட்டோகாலில் பத்து நிமிடம் என்று இருந்து நீங்கள் போன் பேசிவிட்டு வந்ததில் பதினேழு நிமிடம் ஆகியிருந்தால் பதினேழு என்றே எழுதுங்கள். ஆன்டிபாடியின் லாட் நம்பர், செல்லின் பாசேஜ் நம்பர் (எத்தனை முறை புதிய பாத்திரத்துக்கு மாற்றி வளர்த்தோம் என்பது), பஃபரைத் தயாரித்தது யார், எந்தத் தேதி. கையுறையிலும் டிஷ்யூ பேப்பரிலும் குறித்துவைத்தால் அது குப்பைக்குத்தான் போகும். டியூபில் மார்க்கரால் எழுதியது எத்தனால் பட்டால் அழிந்துவிடும், சாதாரண டேப் மைனஸ் எண்பது ஃப்ரீசரில் உரிந்து விழுந்துவிடும். அதனால் குளிரைத் தாங்கும் லேபிள் வாங்கி ஒட்டுங்கள், மூடியிலும் பக்கவாட்டிலும் ஒரே எண்ணை எழுதுங்கள், அந்த எண்ணுக்கு விளக்கம் நோட்புக்கில் இருக்கட்டும். ஃப்ரீசரில் பெயரில்லாத டியூப் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் ஒரு நாள் தூக்கி எறியப்படும், எங்கள் லேபில் பல வருட வேலை அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு நீங்கள் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்றால் இந்தப் பழக்கம் இன்னும் அதிகமாக உதவும். பயோகான், சின்ஜீன் மாதிரி மருந்துத் துறை நிறுவனங்கள் இருக்கிற ஊர் இது, பிஎச்டி முடித்தவர்களில் நிறைய பேர் அந்தப் பக்கம்தான் போகிறார்கள், போவதில் ஒரு குறையும் இல்லை. மருந்துத் துறையில் பதிவேடுகளுக்கு ‘அல்கோவா’ என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: யார் செய்தது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்த நேரத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், துல்லியமாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பழக்கத்தோடு வந்தவரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, எதைச் செய்வது என்று முடிவெடுப்பது. இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் வருடங்களை மிச்சப்படுத்துவது இதுதான். பரிசோதனை தொடங்கும் முன் அரைப் பக்கம் எழுதுங்கள். கேள்வி என்ன, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கண்ட்ரோல் எவை, கூடினால் அடுத்து என்ன செய்வேன், குறைந்தால் என்ன செய்வேன், மாறாவிட்டால் என்ன செய்வேன். எழுதிப் பார்க்கும்போது மூன்றுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தால் அந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். எந்த முடிவு வந்தாலும் உங்கள் போக்கு மாறப்போவதில்லை என்றால் ரெண்டு வாரத்தையும் ரீஏஜென்டையும் எதற்குச் செலவழிக்க வேண்டும்? எங்கள் லேபில் புதியவர்களின் அரைப் பக்கத்தை நான் வாங்கிப் பார்ப்பேன். பாதிப் பரிசோதனைகள் அந்தத் தாளிலேயே முடிந்துவிடும், அல்லது வேறு நல்ல பரிசோதனையாக மாறிவிடும்.

அதே தாளில் எத்தனை முறை செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரே ஃப்ளாஸ்கிலிருந்து செல்லை எடுத்து ஒரே நாளில் பிளேட்டின் மூன்று குழிகளில் போட்டு அளந்துவிட்டு, மூன்று முறை செய்தேன் என்று எழுதுகிறார்கள். அது உங்கள் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதைத்தான் காட்டும். வேறு நாளில், வேறு பாசேஜ் செல்லில், புதிதாகத் தயாரித்த மருந்துக் கரைசலோடு செய்தால்தான் அது இரண்டாவது முறை. எலியில் என்றால் ஒரு எலியிலிருந்து எடுத்த மூன்று துண்டும் ஒரே எலிதான். இந்த வித்தியாசம் புரியாமல் கணக்குப் போட்டால் பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் எண்) அழகாக வரும், அடுத்த லேப் செய்து பார்த்தால் எதுவும் வராது.

சின்னச் சின்ன விஷயங்களில் எவ்வளவு நாள் போகிறது என்பதற்கு, சாம்பிளை வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜைச் சொல்லலாம். பேப்பரில் 12,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருக்கும், நாமும் 12,000 வைப்போம். ஆனால் சாம்பிள் உணரும் விசை ரோட்டாரின் ஆரத்தைப் பொறுத்தது. 1.118 × 10⁻⁵ என்பதை சென்டிமீட்டரில் ஆரத்தோடும், ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடும் பெருக்கினால் ஜி மதிப்பு (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது) வரும். ஆரம் 8 சென்டிமீட்டர் என்றால் 12,000 ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 12,900 ஜி, 10 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 16,100 ஜி. உங்கள் புரோட்டோகாலில் எப்போதும் ஜி மதிப்பையே எழுதுங்கள். பிப்பெட்டும் அப்படித்தான். தராசில் தண்ணீரை வைத்துப் பாருங்கள், 100 மைக்ரோலிட்டர் ஏறத்தாழ 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். 92, 93 என்று காட்டினால் ஜீன் அளவைப் பார்க்கும் கியூபிசிஆர் சோதனை ஏன் ஆடுகிறது என்பதற்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

செல் கல்ச்சர் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: இந்த செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகை) எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ பரிசோதனை செய்து அடையாளம் பார்த்தார்கள், கல்ச்சரில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை எப்போது நடந்தது. சீனியரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பயப்படாதீர்கள். எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லைப் பல வருடம் மார்பகப் புற்றுநோய் செல் என்று நினைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்தார்கள், பின்னால் பார்த்தால் அது மெலனோமா செல். இப்படி அடையாளம் மாறிப்போன செல் லைன்களின் சர்வதேசப் பட்டியலில் 500க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா இன்னும் மோசம். அதற்கு செல் சுவர் கிடையாது, அதனால் மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) இருக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மற்ற பாக்டீரியா மாதிரி மீடியமும் கலங்காது, செல் நன்றாக இருப்பது போலவே தெரியும், ஆனால் வளர்வதும் ஜீன் செயல்பாடும் மாறியிருக்கும். மாதம் ஒரு முறை பிசிஆர் போட்டுப் பார்ப்பது பெரிய செலவே இல்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே செல்லுக்கும் திட்டம் போட்டுவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் சேர்த்த மீடியத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் குளிரவைத்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிட்டால் நிம்மதியாகப் போய் வரலாம். பக்கத்து பெஞ்ச்காரரிடம் விட்டுப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த ஊருக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. வெளிநாட்டு ஆன்டிபாடியோ என்சைமோ வேண்டுமென்றால் கொட்டேஷன், இன்டென்ட், ஒப்புதல், பர்சேஸ் ஆர்டர், கஸ்டம்ஸ் என்று எல்லாம் தாண்டி வரச் சில வாரங்கள் ஆகும். மார்ச் 31 நெருங்கினால் கணக்கு முடிக்கிற அவசரத்தில் சில நாட்கள் எதுவுமே நகராது. அதனால் ஜனவரியில் உட்கார்ந்து மே மாதம் வரைக்கும் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வந்து சேரும் வரை பக்கத்து லேபில் ஒரு அலிக்வாட் (சின்னப் பங்கு) கடன் கேட்கலாம். ஜிகேவிகே வளாகத்தில் என்சிபிஎஸ், இன்ஸ்டெம், சி-கேம்ப் என்ற உயிரியல் நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் எளிது. வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், கூடவே அந்த லாட் உங்களுக்கு எப்படி வேலை செய்தது என்ற தகவலையும் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுத் தருவார்கள். ஆட்டோகிளேவ் போடுகிற அண்ணன், ஸ்டோர்ஸில் இருக்கிற அக்கா, இவர்களோடு கொஞ்சம் கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் சேர்ந்தவுடன் முதல் தொகை கைக்கு வந்துவிடும் என்று நம்பி வராதீர்கள், பல இடங்களில் தாமதமாகும். இங்கே வீட்டு அட்வான்ஸும் பல மாத வாடகையாகக் கேட்பார்கள். வீட்டில் பேசி சில மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். கையில் காசில்லாத டென்ஷனோடு பெஞ்சில் நின்றால் வேலையில் மனசு நிற்காது.

லேப் மீட்டிங் என்றாலே நம் பிள்ளைகள் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, டெல்லியிலும் கொல்கத்தாவிலும் படித்தவர்கள் மடமடவென்று ஆங்கிலத்தில் கேட்கும்போது, பதில் தெரிந்திருந்தும் வாய் வராமல் நிற்கிறார்கள். அவர்களிடம் நான் செய்யச் சொல்வது இது: முந்தின நாள் கேன்டீனில் என்னிடமோ வேறு யாரிடமோ உங்கள் முடிவைத் தமிழில் சொல்லுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது, ஆங்கிலம் என்பது அதன்பின் வெறும் நாலைந்து வாக்கியம். தமிழிலேயே தடுமாறினால் பிரச்சினை மொழியில் இல்லை, பரிசோதனையில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள். முதல் ஸ்லைடில் கேள்வி, கடைசி ஸ்லைடில் உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பது. கைடிடம் போகும்போதும் அப்படித்தான். "வரல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். "வரவில்லை, இந்த மூன்றைச் சரிபார்த்தேன், அடுத்து இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பேப்பரில் ஆதர் பெயர்கள் வரும் வரிசையைப் பற்றிப் புராஜெக்ட் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். கடைசியில் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். பல ஜர்னல்கள் இப்போது கிரெடிட் என்ற முறைப்படி, யார் என்ன செய்தார்கள் என்று 14 வகையான பங்களிப்புகளாகப் பிரித்துக் கேட்கின்றன. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசினால் கேட்கிற உங்களுக்கும் கூச்சம் இருக்காது, பதில் சொல்கிற கைடுக்கும் சங்கடம் இருக்காது. பேசி முடித்ததை அன்றைக்கே ஒரு சின்ன மெயிலாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: யுஜிசி 2022இல் கொண்டுவந்த விதிகளில் தீசிஸ் கொடுப்பதற்கு முன் பேப்பர் வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். சேரும்போதே அதை வாங்கிப் படித்துவிடுங்கள், நாலாவது வருடத்தில் தெரிந்துகொள்வது வேண்டாம்.

ரெகமண்டேஷன் லெட்டர் கேட்கும் நேரத்தில்தான் இந்த எல்லாப் பழக்கமும் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். கைடுகள் எழுதுகிற கடிதங்களைத் தயார் செய்ய உதவியிருக்கிறேன். "கடின உழைப்பாளி, நல்ல குணம்" என்பதை எல்லோருக்கும் எழுதலாம், அதனால் அதற்கு எடையே இல்லை. "இவர் உருவாக்கிய புரோட்டோகாலை வைத்து எங்கள் லேபில் வேறு இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தபோதும் அதே முடிவு வந்தது", "தனக்குச் சாதகமான முடிவைத் தானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்தார்" என்ற மாதிரி வரி இருந்தால் தேர்வுக் குழு அங்கே நிற்கும். ஆனால் கைடுக்கு பத்துப் பேர் இருப்பார்கள், எல்லாம் ஞாபகம் இருக்காது. அதனால் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், கூடவே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வருடம் எதை உருவாக்கினீர்கள், அதை யார் இப்போது பயன்படுத்துகிறார், எந்த முடிவை எப்படிச் சரிபார்த்தீர்கள், எந்த ஜூனியருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள். தேதியெல்லாம் உங்கள் நோட்புக்கில் இருக்கும், எடுத்து எழுத ஒரு சாயங்காலம் போதும்.